கட்டி அழ ஆளில்லாத வீடு

நங்கை,

போன வாரம் அவிநாசியில் ஓர் எழவுக்குப் போயிருந்தேன். மில் ஆபீசில் என்னோடு வேலை பார்த்தவளின் மாமியார். அந்த அம்மாவின் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. முறைக்குத் தலையைக் காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றுதான் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளே இருந்த பெண்கள் கையை நீட்டி இழுத்து நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, கழுத்தைக் கட்டிக்கொண்டு தலையோடு தலை முட்டி அழுதார்கள். யாரோ ஒரு அம்மாவின் கண்ணீரும் தேங்காயெண்ணெயும் விக்ஸும் சேர்ந்து என் தோளில் இறங்கி ரவிக்கையை நனைத்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தெரியும், ஓவென்று கத்திவிட்டேன். எழவுக்காரியே தன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சோடா கொடுக்கும்போது, "எங்கத்தை மேல உங்களுக்கு அத்தன பாசமுங்களாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? நான் அழுதது உங்களுக்காக.

நீங்கள் போய்க் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்னும் எந்த எழவில் உட்கார்ந்தாலும் எனக்கு நம் வீட்டு எழவுதான் முன்னால் வந்து நிற்கிறது.

நங்கை என்று கூப்பிட எனக்கு இருந்த ஒரே ஆள் நீங்கள். எனக்கு ஒரே அண்ணன், அண்ணனுக்கு நீங்கள். மற்ற ஊர்க்காரர்கள் அண்ணி என்பார்கள். கொடுமுடியில் காவிரித் தண்ணி குடித்து வளர்ந்தவர் அன்னூருக்கு வாழ வந்தீர்கள். வந்த அன்றைக்கு எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணியைக் குடித்துவிட்டு, முகம் ஒரு பக்கம் சுளிக்க, "நல்லாத்தானுங்க இருக்குது" என்றீர்கள். அது வாயில் வைக்க விளங்காத உப்புத் தண்ணி என்று எங்களுக்குத் தெரியாதா? காலில் முள் ஏறினாலும் "ஒண்ணுமில்லீங்க". அம்மா வாய்க்கு வந்தபடி பேசினாலும் "பரவால்லீங்கத்தை". எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்களுக்கு வாயே கிடையாதா நங்கை?" என்று கத்துவேன். "ஊட்டுக்கு ஒரு வாய் போதும் அம்மணி, அதான் நீ இருக்கறயே" என்று சிரிப்பீர்கள்.

அண்ணன் பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு வடக்கே போய் வருகிற லாரிக்காரன். போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். தொண்ணூற்றைந்து வாக்கில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, வயிறு போனது, ஆள் பாதியானான். டிபி என்றார்கள், டைபாய்டு என்றார்கள். கடைசியில் ஓர் ஆசுபத்திரியில் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, போகிற வருகிறவர்களுக்கு நடுவில் நடையில் நிறுத்திவைத்து டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னார். உங்களுக்கும் எடுத்துப் பார்த்தார்கள். உங்களுக்கும் இருந்தது. உங்கள் மகள் பாப்பாவுக்கு இல்லை. அதுவரைக்கும் அந்தப் பெயரை நான் பஸ் ஸ்டாண்டுச் சுவரில்தான் பார்த்திருக்கிறேன். மண்டையோட்டைப் போட்டு, குறுக்கே இரண்டு எலும்பைப் போட்டு, கீழே எய்ட்ஸ் என்று சிவப்பில் எழுதியிருப்பார்கள். தினமும் அதற்கு முன்னால் நின்றுதான் பீளமேட்டுக்கு வேலைக்குப் பஸ் ஏறுவேன். அன்றைக்கு மத்தியானம் நீங்களும் அதைப் பார்த்தபடி நின்றீர்கள். எழுத்துக் கூட்டி ஒரு தரம் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

ஊருக்கு மஞ்சள்காமாலை என்று சொன்னோம். ஊர் என்ன மடையனா? அண்ணன் செத்த அன்றைக்கு ஆண்கள் வந்தார்கள். வந்து, ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றுவிட்டு அப்படியே போனார்கள். பெண்கள் யாரும் வரவில்லை. ஒருத்திகூட வாசல்படி ஏறவில்லை. எட்டாம் வீட்டு நாய் செத்தால்கூட எட்டிப் பார்க்கிற ஒறம்பரைச் சொந்தங்கள், கண்ணாலத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த ஒறம்பரை, ஒருத்தியும் வரவில்லை நங்கை. உங்கள் கூடப்பிறந்த அண்ணன் கொடுமுடியிலிருந்து கோடிச் சேலை கொண்டுவந்தார். தாலியறுத்த தங்கைக்குப் பிறந்த வீடு தரவேண்டிய சேலை. அதை உங்கள் தோளில் போடாமல், பையோடு மதில் மேல் வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் இன்ஜினை அணைக்காமலே திரும்பிப் போனார்.

நீங்கள் நடுவீட்டில் பாயில் உட்கார்ந்திருந்தீர்கள். நான்தான் வந்து உங்களைக் கட்டிக்கொண்டேன். ஆனால் ஒருத்தி மட்டும் கட்டிக்கொண்டால் அது எழவு ஆகாது. நாலு பேர் கழுத்தைக் கட்டவேண்டும், ஒருத்தி ராகம் எடுக்கவேண்டும், அவள் விட்ட இடத்திலிருந்து இன்னொருத்தி பிடிக்கவேண்டும், அப்போதுதான் நடுவில் இருக்கிறவளுக்கு உள்ளே இருப்பது வெளியே வரும். எனக்கு ஒப்பாரி ஒரு வரி தெரியாது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன், அது எதற்கு ஆகும்? அம்மா ஒரு மூலையில் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "எம்பையன வாரிக் குடுத்துப்போட்டேன், இவ பாரு, கல்லாட்டக் குந்தீருக்கறா" என்று உங்களைத் திட்டியபடி அழுதாள். உங்கள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

பிறகும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயம். உங்களுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று நீங்களே எடுத்து வைத்துக்கொண்டீர்கள். பாப்பாவுக்கு அப்போது ஆறு வயசு. அவளைத் தொடுவதை நிறுத்திவிட்டீர்கள். தொட்டால் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "செரி அம்மணி" என்பீர்கள். பாப்பா ஓடி வந்து மடியில் விழப்போனால் எழுந்து அக்கட்டத் தள்ளிப் போய்விடுவீர்கள். அது என்னிடம் வந்து, "அத்தை, அம்மா எம்மேல கோவமா?" என்று கேட்கும். மத்தியானம் வெயிலில் கிணற்று மேட்டில் போய் நிற்பீர்கள். "என்ன நங்கை அங்க?" என்றால், "ஒண்ணுமில்ல அம்மணி, சும்மா" என்பீர்கள். ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கிணறு திடீரென்று நினைவுக்கு வரும். அப்படியே பேப்பரை மெஷினில் விட்டுவிட்டு, தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, அன்னூர் பஸ்ஸுக்கு ஓடி வருவேன். வழியெல்லாம் சாமி சாமி என்று சொல்லிக்கொண்டே வருவேன். நீங்கள் பாட்டுக்கு மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

உங்களை யாரிடமாவது கூட்டிப்போகவேண்டும் என்று மட்டும் தெரிந்தது. யாரிடம் என்று தெரியவில்லை. ரத்தத்துக்கு டாக்டர் இருந்தார், நுரையீரலுக்கு டாக்டர் இருந்தார். நோய் ஒருத்தனுக்கு வந்து வீடு முழுக்க மனசு செத்துக் கிடந்தால் அதற்கு எந்தக் கதவைத் தட்டுவது? அம்மா மாகாளியம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்க்கலாம் என்றாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் டாக்டரிடம் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. பாப்பாவையே எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது. "ஆத்தா வேண்டாங்கறா" என்று அம்மா எழுந்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஆத்தாவுக்கென்ன, அவ ஊட்டுல இப்படியொரு மருமகளா குந்தீருக்கறா? மறுபடி எடு கண்ணு!" என்றேன். பூசாரி வாயைப் பிளந்தார். வெள்ளை வரும்வரைக்கும் எடுக்க வைத்தேன். நீங்கள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "சாமிகிட்டப் போய்ச் சண்டை புடிக்கறயே அம்மணி" என்றீர்கள். அந்த மாசத்தில் நீங்களாகப் பேசிய ஒரே பேச்சு அது.

யாரோ சொன்னார்கள் என்று கோட்டைமேட்டில் ஓதித் தண்ணீர் தருகிற ஒரு பாயிடமும் கூட்டிப்போனேன். வயசானவர், பித்தளைப் பாத்திரக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இருந்தார். "என்ன நோவுன்னு சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன். "சொல்லாதீங்கம்மா. சொன்னா நான் பயந்துக்குவேன். பயந்தா கை வராது" என்றார். சொல்லிவிட்டு உங்கள் தலையில் கையை வைத்து ஓதினார். அண்ணன் செத்த பிறகு என்னைத் தவிர உங்களைத் தொட்ட முதல் ஆள் அவர். உங்கள் தோள் நடுங்கியதை நான் பார்த்தேன். அழுகை வரப்போகிறது என்று காத்து நின்றேன். வரவில்லை. "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி எழுந்துகொண்டீர்கள்.

அப்புறம் ஆசுபத்திரிகள். அவற்றின் பெயர் எதற்கு, எல்லாம் ஒன்றுதான். மனநோய்ப் பிரிவுக்குப் போனால் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த கேஸெல்லாம் அந்தப் பிரிவுல பார்க்கணும்" என்றார்கள். அந்தப் பிரிவுக்குப் போனால், "உடம்புக்கு இப்ப ஒண்ணுமில்லையே, மனசுதானே? அங்க போங்க" என்றார்கள். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. நடுவில் ஒரு வேப்பமரம். அதன் கீழே நான் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதேன், நீங்கள் எனக்கு விசிறினீர்கள். "நீ எதுக்கு அம்மணி வெசனப்படறே, ஊட்டுக்குப் போலாம் வா" என்றீர்கள். யார் நோயாளி, யார் துணைக்கு வந்தது என்றே பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது.

கடைசியாக ஒரு தனியார் மனநல டாக்டர். யாரும் பார்த்துவிடக்கூடாது என்று முக்காடு போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினோம். பொறுமையான மனிதர்தான். உங்களிடம் கேட்டார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கறனுங்க."

"தூக்கம் வருதா?"

"வருதுங்க."

"சாப்பிடறீங்களா?"

"சாப்படறனுங்க. நீங்க சாப்பிட்டாச்சுங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "இவங்க நல்லாத்தான் இருக்காங்க. உங்களுக்குத்தான் படபடப்பு ஜாஸ்தியா இருக்கு" என்று எனக்கு மாத்திரை எழுதினார்! சிரிப்பதா, அழுவதா? மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். "ஏனுங்க டாக்டர், எங்கூர்ல கழுத்தை அறுத்தாக்கூட நல்லா இருக்கறனுங்கன்னுதான் சொல்லுவாங்க. அது மரியாதைங்க. அதைப் போய் நெசம்னு எழுதிக்கறீங்களே! இவங்க பெத்த புள்ளையத் தொடறதில்லீங்க. தினம் கிணத்து மேட்டுல போய் நிக்கறாங்க. எனக்கு மாத்திரை குடுத்து என்னத்துக்குங்க?" என்று கத்தினேன். வெளியே கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இந்த நோய் வந்த குடும்பத்தை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததில்லம்மா. என்ன கேக்கணும்னு எனக்கே தெரியல" என்றார். அப்படி உண்மையைச் சொன்ன முதல் டாக்டர் அவர்தான். நகரத்தில் ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமைகளில் இப்படிப்பட்ட குடும்பங்கள் கூடுவதாகக் கேள்விப்பட்டதைச் சொல்லி, வழியும் சொன்னார்.

போனோம். வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடத்தியவர் ஒரு சிஸ்டர், திருச்சிப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. எங்கோ பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். கையில் ஒரு சிவப்பு ரப்பர் பந்து. பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் மனசில் இருப்பதைச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும். நல்ல யோசனைதான், வேறு ஊராக இருந்திருந்தால்.

"நீங்க மொதல்ல சொல்லுங்க."

"அய்யோ, வேண்டாமுங்க, பெரியவங்க நீங்க இருக்கறப்ப நானுங்களா?"

"அட, பரவால்லீங்க, வாங்கிக்கோங்க."

பந்து ஒரு சுற்று முழுக்கச் சுற்றி, ஒரு வார்த்தையும் வாங்காமல் சிஸ்டர் கைக்கே வந்து சேர்ந்தது. சிஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லாரும் நல்லா இருக்கறமுங்க என்றார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளும் நல்லா இருந்தாள், மகன் ரத்த வாந்தி எடுத்துக்கொண்டிருந்த அம்மாவும் நல்லா இருந்தார். கோட்டைமேட்டிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அக்கா, தம்பியைப் பறிகொடுத்தவர், "அல்லா புண்ணியத்துல நல்லா இருக்கோம்" என்றார். அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. சிஸ்டர் முகம் வாடிக்கொண்டே வந்தது. இது தேறாது, இனி வரவேண்டாம் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். இதையும் விட்டால் போக வேறு கதவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு இருந்த நிலையில் அந்தக் கிணற்றை மண் போட்டு மூடிவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். தறி ஓட்டுகிற குடும்பம். மகன் செத்து முதல் வாரம், அவர்கள் வீட்டுக்கும் ஒருத்தரும் வரவில்லையாம். எண்ணெய் காணாத தலை, அழுக்குச் சேலை. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் எழுந்து போய், "வாங்கம்மா, உட்காருங்க, எப்படி இருக்கீங்க?" என்றார். அந்த அம்மாவும் கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லா" என்று ஆரம்பித்தார்.

நீங்கள் எழுந்தீர்கள் நங்கை.

எனக்கு முதலில் புரியவில்லை. தண்ணி குடிக்க எழுந்தீர்கள் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனீர்கள். எழவுக்குப் போகமுடியாமல் போனவள், எழவுக்காரியை முதலில் எங்கே பார்த்தாலும், பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் சந்தையில் பார்த்தாலும், வா என்றுகூடச் சொல்லாமல் முதலில் கட்டி அழவேண்டும். அழுது முடித்த பிறகுதான் மற்ற பேச்சு. அது நம் பக்கத்து முறை. நீங்கள் முறை தவறாதவர். எப்படித் தவறுவீர்கள்? யாரென்றே தெரியாத அந்த அம்மாவின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டி, தலையோடு தலையை முட்டினீர்கள். அந்த அம்மாவும் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, "ஏஞ்சாமீ…" என்று ஒரு குரல் கொடுத்தார். அது அந்த அறை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது.

பிறகு ராகம் எடுத்தது நீங்கள். உங்களுக்கு ஒப்பாரி தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முதலில் அந்த அம்மாவின் மகனுக்காகத்தான் எடுத்தீர்கள். எந்த இடத்தில் அது அண்ணனுக்கு மாறியது என்று எனக்குத் தெரியாது.

"மாலை போட்டுக் கூட்டி வந்தீங்க, மருந்தில்லாச் சீக்க எங் கையில குடுத்துப் போனீங்களே! போன எடமெல்லாம் சொன்னீங்க, போவக்கூடாத எடத்த மறைச்சுப் போனீங்களே!"

திட்டும்போதுகூட 'போனீங்களே' என்றுதான் திட்டினீர்கள். வட்டத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. இத்தனை வாரமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், யாரும் யாருடைய எழவையும் விசாரிக்கவில்லை. எவ்வளவு பெரிய முறைகேடு! நாற்காலிகள் தடதடவென்று பின்னால் போயின. எல்லாரும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்கள். கோட்டைமேட்டு அக்கா, "எங்கள்ல சத்தம் போட்டு அழுவக்கூடாதுங்க, அழுவக்கூடாதுங்க" என்று சொல்லிக்கொண்டே என் தோளில் விழுந்து தேம்பினார். ஆண்கள் யாரும் சொல்லாமலே வெளியே போய், எழவு வீட்டு வாசலில் நிற்பதுபோல வரிசையாக நின்று ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள். சிஸ்டர் பாவம், பயந்துபோய்த் தண்ணிச் செம்போடு இங்கும் அங்கும் ஓடினார். "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார். "ஒண்ணும் ஆகலீங்க சிஸ்டர். இப்பத்தான் கூட்டம் ஆரம்பிச்சிருக்குதுங்க" என்றேன்.

திரும்பும் வழியில், "பசிக்குது அம்மணி" என்றீர்கள். எத்தனை மாசத்துக்குப் பிறகு! பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். பன்னைப் பிய்த்துக்கொண்டே, "உங்கண்ணன் மேல அத்தன கோவம் அம்மணி. கோவத்தோட எப்படி அழுவறதுன்னு தெரியாமப் போச்சு" என்றீர்கள். சாயங்காலம் பொழுதோட வீடு வந்தோம். பாப்பா தலையெல்லாம் புழுதியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். நீங்கள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "இங்க வா கண்ணு, தல பாரு, சடை புடிச்சுக் கெடக்குது" என்றீர்கள். அவள் வரவில்லை. என்னைப் பார்த்தாள். போ என்று தலையாட்டினேன். வந்து, உங்கள் மடியில் முழு உடம்பையும் வைக்கப் பயந்து, ஓரமாக உட்கார்ந்தாள். நீங்கள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டீர்கள். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டு ஆசை தீர அழுதேன். அம்மா வந்து, "என்ன கருமாந்தரம் புடிச்சுக் கெடக்கறே இங்க?" என்று கேட்டாள்.

இதோடு மடலை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி முடியவில்லையே. அழுதால் மனசுப் பாரம் இறங்கும். வைரஸ் எங்கே இறங்கும்? அந்த வட்டத்தில் நாற்காலிகள் குறைந்துகொண்டே வந்தன. தறிக்கார அம்மாவின் மருமகள் போனாள். அப்புறம் ஒரு ஆசிரியர், அப்புறம் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண். கட்டி அழுவதற்கு ஆள் கிடைத்தார்கள், அழவேண்டிய சாவும் அவர்களிலிருந்தே வந்தது. யார் வீட்டில் எழவு என்றாலும் நீங்கள் போய் நின்றீர்கள். ஊர் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளுக்கெல்லாம், அந்தக் கோட்டைமேட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு, டவுன் பஸ் மாறி மாறிப் போனீர்கள். "துக்கம் விசாரிச்சுப்போட்டு வாரேன் அம்மணி" என்று செருப்பை மாட்டுவீர்கள். இருமல் ஆரம்பித்த பிறகும் போனீர்கள். நான் தடுத்தால், "போகாட்டி எப்படி? அவங்களுக்கு ஆரு இருக்கறா?" என்பீர்கள். சிஸ்டர் அந்தப் பந்தைப் பாப்பாவுக்கே விளையாடக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நீங்கள் இருந்த இரண்டு வருஷத்தில் உங்களுக்கு ஆசைகள் வந்தன. அதுதான் நங்கை, அதுதான் எனக்கு இன்னும் தாங்கமுடியாதது. எருமை ஒன்று வாங்கவேண்டும் என்றீர்கள். பாப்பாவை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கவேண்டும் என்றீர்கள். ஆடிப் பதினெட்டுக்கு அவளைக் கொடுமுடிக்குக் கூட்டிப்போய்க் காவிரியில் முழுக வைக்கவேண்டும், உங்கள் அண்ணன் வந்து பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி என்றீர்கள். வெளிநாட்டில் மருந்து வந்துவிட்டதாம் என்று சிஸ்டர் ஒருநாள் சொன்னார். விசாரித்தோம். அதன் விலையைக் கேட்டுவிட்டு நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தோட்டத்தையே விற்றாலும் சில மாசத்துக்குக்கூடக் காணாது. மருந்தே இல்லை என்றிருந்த காலம் தேவலை. இருக்கிறது, நமக்கு இல்லை என்று தெரிந்த பிறகு நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வேன்?

பாப்பாவை வளர்த்துவிட்டேன் நங்கை. நன்றாக இருக்கிறாள். நிஜமாகவே நன்றாக இருக்கிறாள், மரியாதைக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு என்ன நோய் வந்தது என்று கேட்கிறவர்களுக்கு அவள் மறைக்காமல் பெயரைச் சொல்வாள். நான் மஞ்சள்காமாலை என்று முணுமுணுத்தால் முறைப்பாள். அந்த வாய் உங்களுடையது அல்ல, என்னுடையது.

கடைசியில் சிஸ்டர்களின் ஆசுபத்திரியில் இருந்தீர்கள். சாயங்கால நேரம். ஜன்னல் வழியாக வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "வலிக்குதா நங்கை?" என்று கேட்டேன். வழக்கமாக ஒண்ணுமில்ல அம்மணி என்பீர்கள். அன்றைக்குச் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ!

"எனக்குச் சாக மனசில்ல அம்மணி. ஏதாச்சும் பண்ணு."

வந்த நாளிலிருந்து எங்களிடம் ஒரு டம்ளர் தண்ணிகூடக் கேட்டு வாங்காதவர். நீங்கள் வாழ ஆசைப்படவேண்டும் என்றுதான் கோயில் கோயிலாக, ஆசுபத்திரி ஆசுபத்திரியாக, சாமியிடமும் டாக்டரிடமும் சண்டை போட்டுக்கொண்டு அலைந்தேன். ஆசைப்பட்டுவிட்டீர்கள். வீட்டுக்கு ஒரே வாயான எனக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. விடியும்போது போய்விட்டீர்கள்.

சாக நினைத்த உங்களைப் பிடித்து நிறுத்தினேன் என்று சிஸ்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் நிறுத்தவில்லை, நீங்களாக எழுந்தீர்கள். என்னிடம் மிஞ்சியது நீங்கள் கேட்ட அந்த ஒன்றுதான். டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டது, பாப்பா கல்யாணத்தில் கேட்டது, இப்போது இதை எழுதும்போதும் கேட்கிறது. ஏதாச்சும் பண்ணு என்கிறீர்கள். என்ன பண்ணியிருக்கவேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை நங்கை.